விஞ்ஞானக் கதைகளில் ராட்சத எலிகள்



சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறுகிற தமிழருக்கு, அவ்விடத்து மொழி பழகுவதற்கு முன்பே பழகிவிடுகிற உயிர் ஒன்று உண்டு. வாடகை வீட்டில் பெட்டி படுக்கையை இறக்கிய அன்றிரவே அது பரணில் ஓடித் தன் இருப்பைத் தெரிவித்துவிடும். தில்லியில் அதைச் சூஹா என்பர். கொல்கத்தாவில் இந்துர் என்பர். மும்பையில் உந்தீர், ஹைதராபாத்தில் எலுக. பெயர்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. அரிசி மூட்டையில் விழுகிற ஓட்டை எங்கும் ஒன்றே.

நம் பெருச்சாளிக்கு ஆங்கிலத்தில் 'பாண்டிகூட்' என்று பெயர். அது மேனாட்டுச் சொல் என்று எண்ணிவிட வேண்டாம். தெலுங்கு நாட்டார் பெருச்சாளியைப் 'பந்திகொக்கு' என்பர். பன்றியெலி என்பது அதன் பொருள். அச்சொல்லே ஆங்கிலேயர் நாவில் உருமாறிக் கப்பலேறிச் சென்று, எலியினத்தோடு எவ்வித உறவும் இல்லாத ஓர் ஆஸ்திரேலியப் பிராணிக்கும் பெயராகிவிட்டது. எலியைப் பன்றியளவு பெரிதாக்கிப் பார்க்கும் கற்பனை அந்தப் பழைய சொல்லிலேயே இருக்கிறது. நாமும் பெருச்சாளியின் மீது பிள்ளையாரையே ஏற்றி வைத்து அழகு பார்த்தவர்கள்தாம்.

எனினும் நம்முடைய எலி பெரிதானபோது வாகனமாயிற்று. மேனாட்டு விஞ்ஞானக் கதாசிரியர்களின் கையில் அது பெரிதானபோது பூதமாயிற்று. குதிரையைத் தின்கின்ற எலி, நகரத்தை முற்றுகையிடுகின்ற எலி, துப்பாக்கிக்கும் அஞ்சாத எலி என்று, சென்ற நூறாண்டுகளுக்கும் மேலாக அவர்கள் எழுதியும் படம் பிடித்தும் வருகிறார்கள். இந்த எலி எங்கிருந்து புறப்பட்டது, அப்படி ஓர் எலி உலகில் இருக்க முடியுமா, முடியாதென்றால் நாம் அஞ்ச வேண்டிய எலி எது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

விஞ்ஞானக் கதைகளில் ராட்சத எலியை நிலைநாட்டியவர் எச். ஜி. வெல்ஸ் எனலாம். 'தேவர்களின் உணவு' என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய நாவல் 1904-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பென்சிங்டன் என்ற ரசாயன நிபுணரும், ரெட்வுட் என்ற உடலியல் பேராசிரியரும் சேர்ந்து, உயிர்களின் வளர்ச்சியைத் தடையின்றி நடத்திச் செல்லும் ஒரு பொருளைக் கண்டுபிடிக்கிறார்கள். உயிர்கள் இயல்பாக வளரும்போது சிறிது வளரும், சிறிது நிற்கும், மறுபடியும் வளரும். இந்தப் பொருளை உண்டால் இடைநிற்றல் இல்லை. சோதனைக்காக இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஹிக்கிள்பிரௌ என்ற சிற்றூரில் ஒரு கோழிப் பண்ணையை அமைக்கிறார்கள். பண்ணையைப் பார்த்துக்கொள்ள ஸ்கின்னர் என்ற கிழவனையும் அவன் மனைவியையும் அமர்த்துகிறார்கள்.

பூதம் புறப்படும் வழியை வெல்ஸ் இந்த இடத்தில்தான் வெகு நுட்பமாகக் காட்டுகிறார். நிபுணர்கள் இருவரும் மேதைகள். ஆனால் லண்டனில் இருக்கிறார்கள். பண்ணையில் இருக்கிற ஸ்கின்னரோ அழுக்கும் சோம்பலும் உருக்கொண்டவன். உலகை மாற்றப்போகும் அந்த மாவு பண்ணையில் சிந்திக் கிடக்கிறது. தட்டுகளில் ஒட்டிக் கிடக்கிறது. கோழிக்குஞ்சுகள் எதிர்பார்த்தபடியே பேருருக் கொள்கின்றன. ஆனால் சிந்தியதைத் தின்ன வேறு உயிர்களும் உண்டல்லவா? முதலில் குளவிகள் பெரிதாகி ஊரை அச்சுறுத்துகின்றன. பின்னர் எலிகள் வருகின்றன.

நள்ளிரவு கடந்த வேளையில் ஒரு மருத்துவர் தம் குதிரை வண்டியில் வீடு திரும்புகிறார். சாலையோர இருளிலிருந்து எலிகள் பாய்ந்து குதிரையை வீழ்த்துகின்றன. அவர் போராடித் தப்பி அருகிலிருந்த ஒரு வீட்டில் அடைக்கலம் புகுகிறார். குதிரை எலிகளுக்கு இரையாகிறது. அந்த இரவுக் காட்சியே பிற்காலத்து எலிக் கதைகள் பலவற்றுக்கும் தாய் என்று சொல்லத் தோன்றுகிறது. பண்ணைக்கார ஸ்கின்னரும் காணாமற் போகிறான். அவனுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஆசிரியர் நம் ஊகத்துக்கு விட்டுவிடுகிறார். காஸர் என்ற செயல்வீரர் பெரிய வேட்டைத் துப்பாக்கிகளுடன் ஆட்களைத் திரட்டிச் சென்று எலிகளைக் கொல்கிறார், வளைக்குள்ளேயே தவழ்ந்து நுழைகிறார், பண்ணையை எரித்துவிடுகிறார். எலிகளின் கதை அத்தோடு முடிகிறது.

அத்தோடு முடிகிறது என்பதே கவனிக்கத்தக்கது. நாவலில் எலிகள் வருவது முற்பகுதியில் மட்டுமே. கதையின் பெரும்பகுதி, அதே உணவை உண்டு வளர்ந்த மனிதக் குழந்தைகளைப் பற்றியது. ஸ்கின்னரின் மனைவி பண்ணையிலிருந்து ஓடும்போது அந்த மாவைக் கையோடு எடுத்துச் சென்று தன் பேரனுக்கு ஊட்டுகிறாள். பேராசிரியர் ரெட்வுட்டும் தம் சொந்த மகனுக்கே அதைக் கொடுக்கிறார். குழந்தைகள் பனைபோல் வளர்கின்றன. சிறிய மனிதர் உலகம் அவர்களைப் பொறுக்க மாட்டாமல் போர் தொடுக்கிறது. வெல்ஸுக்கு எலி ஒரு முன்னறிவிப்பு மட்டுமே. பூட்டி வைக்க வேண்டிய ஒன்று சிந்திவிட்டால் அதை முதலில் தின்று முடிப்பது நாம் கருதாத வாய்தான் என்பதை அவர் எலியைக் கொண்டு சொன்னார். பின்வந்தவர்கள் பொருளை விட்டுவிட்டு எலியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

1976-இல் பெர்ட் ஐ. கார்டன் என்ற அமெரிக்க இயக்குநர் இந்நாவலின் ஒரு பகுதியைத் திரைப்படமாக்கினார். கனடா நாட்டுத் தீவு ஒன்றில் கதை நடக்கிறது. பொம்மை வீடுகளையும் பொம்மை வண்டிகளையும் செய்து, அவற்றின் மீது உண்மையான எலிகளை ஓடவிட்டுப் படம் பிடித்தார்கள். 1982-இல் வந்த 'கொடிய கண்கள்' என்னும் படத்தில் குட்டைக்கால் நாய்களுக்கு எலித்தோல் உடுத்தி நடிக்க வைத்தார்கள். எலி வேஷம் போட்ட நாய் எவ்வளவு முயன்றாலும் நாயைப் போலத்தான் ஓடும். பார்ப்பவர் அஞ்சுவதற்குப் பதிலாக அதன்பால் இரக்கமே கொள்வர்.

இவ்வகையில் எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவது, 1959-இல் வந்த 'கொலைகார மூஞ்சூறுகள்' என்னும் படம். அதிலும் நாய்களுக்குத்தான் வேஷம். ஆனால் கதையின் அடிப்படை சிந்திக்க வைப்பது. உலகில் உணவு போதாது. ஆகவே மனிதர்களைச் சிறிய உருவினராக்கிவிட்டால் உணவு மிச்சமாகும் என்று ஒரு விஞ்ஞானி ஆராய்கிறார். அந்த ஆராய்ச்சியின் பிழையால் மூஞ்சூறுகள் ஓநாயளவு வளர்ந்துவிடுகின்றன. மூஞ்சூறு தன் உடலெடைக்கு ஈடாகவும் அதற்கு மேலாகவும் உண்ணும் பெருந்தீனிப் பிராணி. பெரிதான பின்பும் அதே விகிதத்தில் பசித்தால் என்னாகும் என்பதே படத்தின் அச்சம். மூஞ்சூறு எலியினத்தைச் சேர்ந்ததன்று, பூச்சி தின்னும் வேறோர் இனம் என்பதை விலங்கு நூல் கற்றவர் அறிவர். அதை மன்னித்துவிடலாம். அக்கதையில் மன்னிக்க முடியாத வேறொரு கணக்குப் பிழை இருக்கிறது. அதைக் காண நாம் ஒரு பேராசானை அழைக்க வேண்டும்.

ஜே. பி. எஸ். ஹால்டேன் என்னும் உயிரியல் மேதையைப் பற்றி நேயர்களில் பலர் கேள்வியுற்றிருக்கலாம். இங்கிலாந்தில் பிறந்த அவர் 1957-இல் இந்தியாவுக்கு வந்து கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றினார். இந்நாட்டுக் குடிமகனாகவே ஆனார். பின்னர் புவனேசுவரத்தில் குடியேறி அங்கேயே 1964-இல் காலமானார். அவர் விருப்பப்படி அவருடைய உடல் காக்கிநாடாவிலுள்ள மருத்துவக் கல்லூரிக்கு மாணவர்கள் கற்பதற்காக அளிக்கப்பட்டது. அவரும் வேற்றூரில் வந்து வேரூன்றியவர் என்பதால் நம் போன்றோருக்கு அவர்மீது ஒரு தனிப் பற்று ஏற்படுவது இயற்கை.

ஹால்டேன் 1926-இல், உயிர்கள் ஒவ்வொன்றுக்கும் ஏற்ற அளவு எது என்பதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். அவர் காட்டும் கணக்கு வெகு எளியது. அதன் வேர், கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலிலேயே இருக்கிறது. மூக்கிலிருந்து வாலடி வரை ஒரு சாண் நீளமும் கால் கிலோகிராம் எடையும் கொண்ட ஓர் எலியை எடுத்துக்கொள்வோம். அதை அப்படியே பத்து மடங்கு பெரிதாக்குவோம். நீளம் பத்து மடங்கு ஆகும்போது அகலமும் பத்து மடங்கு, உயரமும் பத்து மடங்கு. ஆகவே உடலின் எடை பத்தைப் பத்தால் பெருக்கி மறுபடியும் பத்தால் பெருக்கிய அளவு, அதாவது ஆயிரம் மடங்கு ஆகிவிடுகிறது. கால் கிலோகிராம் எலி இப்போது 250 கிலோகிராம்.

அந்த எடையைத் தாங்க வேண்டியது காலெலும்பு. எலும்பின் வலிமை அதன் குறுக்கு வெட்டுப் பரப்பைப் பொறுத்தது. பரப்புக்கு நீளமும் அகலமும்தானே உண்டு? எனவே அது நூறு மடங்குதான் பெருகுகிறது. சுமை ஆயிரம் மடங்கு, தாங்கும் தூண் நூறு மடங்கு. எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலமும் முன்பு சுமந்ததைப் போல் பத்து மடங்கு சுமக்க வேண்டும். மனிதனின் தொடையெலும்பு அவன் எடையைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்குச் சுமையில் முறியும் என்று ஹால்டேன் குறிக்கிறார். எலிக்கும் அதே கணக்கென்றால், நம் ராட்சத எலி பாய்வதற்குக் காலைத் தூக்கும்போதே கால் முறிந்து விழும். குதிரை வண்டி மருத்துவர் நிதானமாக வீடு போய்ச் சேரலாம்.

உயரத்திலிருந்து விழுவதிலும் இதே நியாயம். ஆழ்ந்த சுரங்கக் குழிக்குள் ஒரு சுண்டெலியைப் போட்டால், அடிமண் மிருதுவாக இருக்குமாயின், அது சிறிது அதிர்ச்சியுற்று எழுந்து நடந்துவிடும்; பெரிய எலி செத்துவிடும்; மனிதன் நொறுங்குவான்; குதிரையின் கதி சொல்லத் தரமன்று என்கிறார் ஹால்டேன். உருவம் சிறிதாக இருக்கும் வரையில் காற்றே அதைத் தாங்கிக்கொள்கிறது. ஆக, சுவரேறிக் குதித்துத் தப்பும் வித்தை எலியின் சிறுமையால் வந்த வரம்.

பசிக்கும் கணக்கு உண்டு. ஐயாயிரம் சுண்டெலிகள் சேர்ந்தால் ஒரு மனிதனின் எடை. ஆனால் அவை உண்ணும் உணவும் சுவாசிக்கும் பிராணவாயுவும் ஒரு மனிதனுக்கு வேண்டியதைப் போல் ஏறத்தாழப் பதினேழு மடங்கு. சிறிய உடலுக்கு எடையைக் காட்டிலும் தோற்பரப்பு மிகுதி. அந்தப் பரப்பின் வழியே உடற்சூடு ஓயாமல் வெளியேறுகிறது. அந்த இழப்பை ஈடு செய்யவே அது ஓயாமல் தின்கிறது. உடல் பெரிதானால் எடைக்கேற்ற பசி குறையும். 'கொலைகார மூஞ்சூறுகள்' படம் எடுத்தவர்களின் பிழை இப்போது விளங்குகிறதல்லவா? மூஞ்சூற்றை ஓநாயாக்கினால் அது ஓநாயின் விகிதத்தில்தான் பசிக்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. உணவு மிச்சமாகும் என்று மனிதரைச் சுருக்க நினைத்த அந்த விஞ்ஞானி, ஆளுக்குரிய உணவைக் குறைத்திருப்பார். ஆனால் எடைக்கு எடை பார்த்தால் அவர் படைக்கவிருந்த சிறு மனிதர்கள் நம்மைவிடப் பெருந்தீனிக்காரர்கள்.

அப்படியானால் பெரிய எலி உலகில் இருந்ததே இல்லையா என்று கேட்கலாம். எலியின் உறவுமுறையில் இருந்ததுண்டு. தென் அமெரிக்காவில் உருகுவே நாட்டில் கிடைத்த, அரை மீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஒரு மண்டையோட்டைப் பற்றி 2008-இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். கொறிக்கும் பிராணிகளில் இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பெரியது அது. சுமார் 20 லட்சம் முதல் 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அதன் எடை ஆயிரம் கிலோகிராம் இருக்கலாம் என்று முதலில் மதிப்பிட்டார்கள். பின்வந்தவர்கள் அதில் பாதிக்கும் குறைவாகவே மதிப்பிட்டனர். எப்படியாயினும் எருமைக்கு நிகரான உடல். ஆனால் அது தழையுண்ணி. அதன் முன்பற்களை யானை தன் தந்தத்தைப் பயன்படுத்துவது போல் மண்ணைக் கிளறப் பயன்படுத்தியிருக்கலாம் என்று 2015-இல் வெளியான ஆராய்ச்சி கருதுகிறது.

கொறிக்கும் பிராணி அவ்வளவு பெரிதாகலாம். ஆனால் அவ்வளவு பெரிதான பின் அது எலியாக இருக்க முடியாது. தூண் போன்ற கால்கள் வேண்டும்; மெல்ல நடக்க வேண்டும். குட்டி போடுவதும் மந்தமாகிவிடும். வீட்டெலி சுமந்திருப்பது மூன்று வாரம். யானை சுமந்திருப்பது இருபத்திரண்டு மாதம். சிறு துளையில் நுழைவது, சுவரேறுவது, மூன்று வாரத்தில் ஈனுவது, கண்ணில் படாமல் வாழ்வது ஆகிய இவைதாம் எலியை எலியாக்குபவை. அதைப் பெரிதாக்குந்தோறும் இவை ஒவ்வொன்றாக உதிர்ந்துபோகின்றன. கதாசிரியர் எலியைப் பூதமாக்குவதாக எண்ணி அதன் ஆயுதங்களையெல்லாம் பறித்துவிடுகிறார்.

இன்று உயிரோடிருக்கும் உண்மைப் பேரெலிகளில் ஒன்று ஆப்பிரிக்காவின் பையெலி. வாலோடு சேர்த்து முக்கால் மீட்டர் நீளம் வரும். எடை ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேல். புதைத்து வைத்த கண்ணிவெடியை மோப்பம் பிடிக்க அதைப் பழக்குகிறார்கள். மனிதன் மிதித்தால் வெடிக்கும் கண்ணி, அந்த எடைக்கு வெடிப்பதில்லை. மகாவா என்று பெயரிடப்பட்ட ஓர் எலி கம்போடியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளையும் வெடிக்காத குண்டுகளையும் காட்டிக் கொடுத்தது. 2020-இல் அதற்கு இங்கிலாந்தின் விலங்கு நலச் சங்கம் ஒன்று வீரத்துக்குரிய தங்கப் பதக்கம் வழங்கியது. 2022-இல் அது மறைந்தது. ராட்சத எலிக் கதை எழுதியோர் எவரும் இப்படி ஒன்றைக் கற்பனை செய்ததாக எனக்கு நினைவில்லை.

கதாசிரியர்களில் ஒருவர் மட்டும் அளவறிந்து நின்றார் என்பேன். ஜேம்ஸ் ஹெர்பர்ட் என்ற ஆங்கிலேயர் 1974-இல் எழுதிய 'எலிகள்' என்னும் நாவலில் வரும் பேரெலிகள், நாயளவே வளர்ந்தவை. அணுகுண்டுச் சோதனையின் கதிர்வீச்சால் மாறிப்போன எலி இனம் ஒன்று லண்டனுக்குள் வந்து அங்குள்ள கறுப்பெலியோடு கலந்துவிடுகிறது. அவை கூட்டமாக வருகின்றன. அவற்றின் கடிபட்டுத் தப்பியவரும் நோயால் ஒரு நாளுக்குள் இறக்கிறார்கள். லண்டனின் கிழக்குப் பகுதியில் ஏழைகளின் தெருக்களில் பிறந்து வளர்ந்தவர் ஹெர்பர்ட். போரில் குண்டு விழுந்த இடிபாடுகள் அகற்றப்படாமல் கிடந்த தெருக்களும் அவற்றில் குடியிருந்த எலிகளும் அவர் கண்டு பழகியவை. கதையில் கோரம் அதிகம். படுக்கப் போகுமுன் படிக்கத்தக்க நூலன்று. ஆயினும் எலியிடத்து அஞ்ச வேண்டியவை அதன் எண்ணிக்கையும், அது சுமந்து வரும் நோயும், அதைப் பெருகவிட்ட குப்பையுமே என்பதை அவர் மறக்கவில்லை.

கதைகளை இங்கே நிறுத்திவிட்டு, நம் நாட்டில் உண்மையில் நடந்தவற்றுக்கு வருவோம்.

வெல்ஸ் தம் நாவலை எழுதுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1896-இல், அந்நாளைய பம்பாயில் மாண்டவிப் பகுதியில் பிளேக் நோய் கண்டது. துறைமுகத்தை அடுத்த, தானியக் கிடங்குகள் நிறைந்த பேட்டை அது. லட்சக்கணக்கானோர் நகரை விட்டு ஓடினர். அதிகாரிகள் சாக்கடைகளில் மருந்துநீரைக் கொட்டினர், படுக்கைகளைக் கொளுத்தினர், வெயில் நுழையக் கூரைகளைப் பிரித்தனர், ரயில் பிரயாணிகளைப் பிடித்துச் சோதித்தனர். வீடு புகுந்து சோதனையிட்ட முறைகேடுகளால் மூண்ட கோபத்தில் 1897-இல் புனேயில் பிளேக் அதிகாரி ராண்ட் கொல்லப்பட்டார். பிளேக் நோயோ நாடெங்கும் பரவி, அடுத்த சில பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. எலி செத்து விழுந்தால் நோய் வரும் என்பது பாமர மக்களுக்கும் தெரிந்திருந்தது. எப்படி வருகிறது என்பதுதான் தெரியவில்லை.

பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898-இல் கராச்சியில் அதைக் கண்டார். நோயுற்ற எலி ஒன்றைக் கண்ணாடி ஜாடியில் வைத்தார். அதன் உடலில் தெள்ளுப்பூச்சிகள் இருந்தன. நோயற்ற வேறோர் எலியை, கம்பிக்கூண்டில் அடைத்து, முதல் எலியைத் தொட முடியாதவாறு அதே ஜாடியில் தொங்கவிட்டார். நோயுற்றது இறந்தது. சில நாட்களில், எதையும் தொடாமல் தொங்கிய எலியும் பிளேக் கண்டு இறந்தது. இடையே பாய்ந்தவை தெள்ளுப்பூச்சிகளே. எலி இறந்து உடல் குளிர்ந்ததும் தெள்ளு அதை விட்டு வேறு உடலைத் தேடுகிறது. அருகில் எலி இல்லையென்றால் மனிதன். சிமோன் சொன்னதை அறிவுலகம் நம்பவில்லை. பம்பாயில் அமர்ந்த ஆராய்ச்சிக் குழு அதை உறுதி செய்வதற்குள் பல ஆண்டுகள் சென்றன. நாவலாசிரியர் எலியைக் குதிரையினும் வலியதாக்கிக் காட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், மெய்யான கொலையாளி எலியின் மயிருக்குள் மறைந்திருந்த, எள்ளளவே உள்ள ஒரு பூச்சி.

இரண்டாவது நிகழ்ச்சி வடகிழக்கு எல்லையில் மிசோ மலைகளில் நடந்தது. அங்குள்ள மலைச்சரிவுகளை மூடி நிற்கும் ஒரு மூங்கில் இனம் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்துக் காய்த்து மடிகிறது. காய் சதைப்பற்றுள்ளது, காடு முழுவதும் கொட்டிக் கிடக்கும். எலிக்கு அது திருவிழா. உணவு தாராளமாய்க் கிடைப்பதால் குட்டிகள் சாகாமல் பிழைக்கின்றன. அவை சில மாதங்களிலேயே தாமும் ஈனுகின்றன. ஒரு பருவத்துக்குள் எலிகள் எண்ணி மாளாதவை ஆகிவிடுகின்றன. பிறகு ஒருநாள் காய் தீர்ந்துபோகிறது. பசித்த எலிக்கூட்டம் மலையிறங்கி நெல் வயலில் நுழைகிறது. மாலையில் கதிர் சாய்ந்து நின்ற வயல் காலையில் வெறும் தாளாக நிற்கும். மிசோ மக்கள் இந்தப் பஞ்சத்துக்கு 'மவுதாம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்; மூங்கிலின் சாவு என்று பொருள்.

1958-இல் மூங்கில் பூக்கத் தொடங்கியபோது, முந்தைய மவுதாமின் நினைவு அங்குள்ள முதியோருக்கு இருந்தது. அந்நாளில் அப்பகுதி அஸ்ஸாம் மாநிலத்தில் ஒரு மாவட்டம். பஞ்சம் வரப்போகிறது, முன்னேற்பாட்டுக்கு 15 லட்சம் ரூபாய் வேண்டும் என்று மாவட்ட மன்றம் தீர்மானம் நிறைவேற்றி மாநில அரசிடம் கேட்டது. மூங்கில் பூப்பதற்கும் பஞ்சத்துக்கும் தொடர்பு காட்டுவது விஞ்ஞான முறைக்கு ஒவ்வாதது என்று கூறி அரசு மறுத்துவிட்டது. எலிகள் அந்த உத்தரவைப் படித்துப் பார்க்கவில்லை. 1959-இல் வயல்களும் களஞ்சியங்களும் காலியாயின. மக்கள் காட்டில் கிழங்கு தோண்டித் தின்றார்கள்.

துயர் துடைக்கப் போதிய உதவி வாராத நிலையில், மிசோ இளைஞர்கள் பஞ்ச நிவாரண முன்னணி ஒன்றை அமைத்து ஊர் ஊராக அரிசி சுமந்து சென்றார்கள். 1961-இல் அந்த அமைப்பு, பெயரிலிருந்த 'பஞ்சம்' என்ற சொல்லைக் களைந்துவிட்டு அரசியல் கட்சியாயிற்று. 1966-இல் அது ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கியது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ஐசால் நகரின்மீது விமானத் தாக்குதலும் நடந்தது. இருபது ஆண்டுகள் அந்த மலைகளில் அமைதி இல்லை. 1986-இல் உடன்படிக்கை ஏற்பட்டு, 1987-இல் மிசோரம் தனி மாநிலமாயிற்று. பஞ்சத்தை மட்டுமே அந்தக் கிளர்ச்சிக்குக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. அதற்கு வேறு அரசியல் காரணங்களும் இருந்தன. ஆயினும் உள்ளங்கை அகல எலி ஒன்று, மூங்கில் காயைத் தின்று பெருகி, ஒரு நாட்டின் வரலாற்றில் இவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது.

அடுத்த பூப்பு 2006-2008 ஆண்டுகளில் வந்தது. இம்முறை எவரும் அதை மூடநம்பிக்கை என்று சொல்லவில்லை. முன்கூட்டியே திட்டம் வகுத்தார்கள். எலி தீண்டாத பயிர்களாக இஞ்சியும் மஞ்சளும் பயிரிடும்படி உழவரைத் தூண்டினார்கள். கொன்ற எலியின் வாலைக் கொண்டுவந்தால் வாலுக்கு இவ்வளவு என்று சன்மானம் கொடுத்தார்கள். வால்கள் லட்சக்கணக்கில் குவிந்தன. அப்படியும் நெல் அழிந்தது. ஆனால் வெளியிலிருந்து அரிசி வந்து சேர்ந்ததால் 1959-இன் கொடுமை திரும்பவில்லை.

மூங்கில் மறுபடியும் முளைத்து இப்போது மலைகளை மூடி நிற்கிறது. முதியோரின் கணக்குப்படி அடுத்த பூ 2055-ஆம் ஆண்டை ஒட்டி வரும்.